ஆளாளுக்குக் கருத்து சொல்வாங்க... டிசைனருக்குத் தன்னம்பிக்கை எங்கிருந்து வரும்?

ஐ.டி கம்பெனியில் ஒரு டெவலப்பர் தன் கோடிங்கைத் திரையில் போட்டால், மீட்டிங்கில் பாதிப் பேர் வாயைத் திறக்க மாட்டார்கள். அதே திரையில் ஒரு டிசைனர் தன் ஸ்கிரீனைப் போடட்டும்... ஹெச்.ஆர் முதல் ஃபைனான்ஸ் வரை எல்லோருக்கும் ஒரு கருத்து இருக்கும். 'அந்த நீலம் கொஞ்சம் டல்லா இருக்கே', 'லோகோவைப் பெருசாக்குங்க', 'என்னமோ மிஸ்ஸிங்... என்னன்னுதான் சொல்லத் தெரியல.'

நீங்கள் டிசைனராக இருந்தால், அந்த மூன்றாவது கமென்ட் எப்படிக் குத்தும் என்று உங்களுக்குத் தெரியும். கோடு ஓடுதா, ஓடலையா என்பதற்கு மெஷினே பதில் சொல்லிவிடும். டிசைனுக்கு அப்படி ஒரு நடுவர் கிடையாது. கண்ணுக்குத் தெரிகிற வேலை என்பதால், பார்க்கிற எல்லோருமே நடுவர்கள்தான். கையில் திறமை இருந்தும் பல டிசைனர்கள் வாயைத் திறக்கத் தயங்குவது இதனால்தான். 'கான்ஃபிடன்ட்டா பேசுப்பா' என்று அட்வைஸ் பண்ணுவது ஈஸி. எதை வைத்துப் பேசுவது?

நாடே பார்த்த ஒரு நிராகரிப்பு

2025 மார்ச்சில் நடந்தது நினைவிருக்கிறதா? தமிழக பட்ஜெட்டுக்கு முந்தைய நாள் வெளியான லோகோவில், வழக்கமான ரூபாய் சின்னத்துக்குப் பதிலாக 'ரூ' என்ற தமிழ் எழுத்து இருந்தது. டெல்லி வரை விவாதம் போனது. அதன் அரசியல் சரியா, தவறா என்பதை விட்டுவிடுவோம். நாம் பார்க்க வேண்டியது, அந்தச் சின்னத்தை வடிவமைத்தவரை.

அவர் உதயகுமார். கள்ளக்குறிச்சிக்காரர். அண்ணா பல்கலைக்கழகத்தில் ஆர்க்கிடெக்சர் படித்து, மும்பை ஐ.ஐ.டி-யில் டிசைன் படித்தவர். அங்கே தமிழ் எழுத்து வடிவங்களையும் ஆராய்ந்தவர். மத்திய அரசு நடத்திய போட்டிக்கு 3,000-க்கும் அதிகமான வடிவங்கள் வந்தன. 5 பேர் இறுதிச் சுற்றுக்குப் போனார்கள். 2010 ஜூலை 15 அன்று உதயகுமாரின் வடிவத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. பரிசு 2.5 லட்சம் ரூபாய். இன்று அது நோட்டில், நாணயத்தில், உங்கள் மொபைல் கீபோர்டில், டீக்கடை க்யூஆர் ஸ்டிக்கரில் என எங்கும் இருக்கிறது.

அப்படிப்பட்ட வடிவத்தைச் சொந்த மாநிலமே மாற்றி வைத்தபோது, மைக்கெல்லாம் அவர் முன்னால் நீண்டது. அவருடைய அப்பா தி.மு.க முன்னாள் எம்.எல்.ஏ என்பதால் பரபரப்பு இரட்டிப்பானது. அவரோ ரொம்ப நிதானமாகப் பேசினார். இதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு டிசைனரின் எல்லா வேலைகளும் பாராட்டப்படும் என்று சொல்ல முடியாது. அன்றைக்குக் கொடுக்கப்பட்ட தேவைக்கு ஏற்ப அந்த வேலையைச் செய்தேன் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம்.

அந்தக் கடைசி விஷயத்தைக் கவனியுங்கள். 'கொடுக்கப்பட்ட தேவை.' நம் ஆபீஸ் பாஷையில், பிரீஃப். தேவநாகரி 'ர'வும் ரோமன் 'ஆர்' எழுத்தும் ஏன் சேர்ந்தன, மேலே இரண்டு கோடுகள் ஏன் வந்தன என்று ஒவ்வொன்றுக்கும் அவரிடம் காரணம் இருந்தது. காரணத்தோடு செய்த வேலையை, பிடிக்காதவர்கள் மாற்றலாம். செய்தவரின் நம்பிக்கையை அது அசைப்பதில்லை.

ராயகிரியில் இருந்து வந்தால்..?

இப்போது தென்காசி மாவட்டத்துக்கு வருவோம். சங்கரன்கோவில் பக்கம், ராயகிரி மாதிரி ஒரு பேரூராட்சியில் இருந்து ஒருவர் இந்தத் துறைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்குத் தயக்கம் இன்னும் இரண்டு மடங்கு. பிரசன்டேஷன் இங்கிலீஷில் பண்ண வேண்டும். பக்கத்து சீட்காரர் பெரிய டிசைன் காலேஜ் பெயரைச் சொல்வார். இவர் யூடியூபில் ஃபிக்மா கற்றுக்கொண்டிருப்பார். போர்ட்ஃபோலியோவிலோ எல்லோரும் செய்கிற அதே ஃபுட் டெலிவரி ஆப் ரீ-டிசைன்.

ஆனால், மெட்ரோவில் வளர்ந்த பலருக்குத் தெரியாத சில விஷயங்கள் இவருக்கு வளர்ந்த விதத்திலேயே தெரியும். மூன்று உதாரணம் சொல்கிறேன்.

ஒன்று, பெயர். ஆப் எல்லாம் 'ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம்' என்று இரண்டு கட்டம் போட்டு, இரண்டையும் கட்டாயமாக்கும். நம்ம ஊரில் இனிஷியல்தானே? லாஸ்ட் நேம் கட்டத்தில் அப்பா பெயரைப் போடுவதா, ஒற்றை எழுத்தைப் போடுவதா என்று குழம்பாத தமிழர் உண்டா? அப்புறம் ஆதாரில் ஒரு மாதிரி, பேங்கில் ஒரு மாதிரி என்று அலைச்சல்.

இரண்டு, எழுத்து. இங்கிலீஷில் 'சப்மிட்' ஆறே எழுத்து. தமிழில் 'சமர்ப்பிக்கவும்' என்று போட்டால் பட்டன் பிதுங்கிவிடும். வரிகளுக்கு நடுவே இடம் பத்தவில்லை என்றால் 'கி'யின் மேல்விலங்கும், 'கூ'வின் வளைவும் வெட்டுப்படும். தமிழில் வாசித்துப் பழகிய கண்ணுக்கு அது உடனே உறுத்தும்.

மூன்று, வெயில். சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டிலோ, புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டிலோ நிற்கிற ஒருவர் பட்டப்பகலில் போன் பார்க்கிறார். வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து, ஏ.சி ரூம் மானிட்டரில் ஸ்டைலாகத் தெரியும். அங்கே ஒன்றுமே தெரியாது.

'இந்தக் கலர் எனக்குப் பிடிச்சிருக்கு' என்று நீங்கள் சொன்னால், 'எனக்குப் பிடிக்கல' என்று மேனேஜர் சொல்லிவிடலாம். 'இந்தக் கலர்ல வெயில்ல விலையே தெரியல, நாலு பேர்கிட்ட காட்டிப் பார்த்தேன்' என்று சொன்னால், அதற்கு அவரும் காரணத்தோடுதான் பதில் சொல்லியாக வேண்டும். பேச்சு ரசனையை விட்டு வேலைக்குள் வந்துவிடும். அங்கே இங்கிலீஷ் ஃப்ளூயன்ஸியும் காலேஜ் பெயரும் கொஞ்சம் பின்னால் போய்விடும்.

பக்கத்திலேயே ஒரு பாடம்

சின்ன ஊர், பெரிய சாஃப்ட்வேர் என்றதும் நினைவுக்கு வருவது தென்காசி அருகே மத்தளம்பாறையில் இயங்கும் ஜோஹோதான். பிளஸ் டூ, டிப்ளோமா முடித்தவர்களுக்கு உதவித்தொகை கொடுத்துப் பயிற்சி தரும் ஜோஹோ ஸ்கூல்ஸில், டிசைனுக்கென்று தனிப் பிரிவே இருக்கிறது.

அந்த கம்பெனியின் 'அரட்டை' ஆப்புக்கு 2025 செப்டம்பரில் நடந்ததைப் பாருங்கள். 2021-ல் வந்த ஆப் அது. ஒரு நாளைக்கு 3,000 பேர் சேர்ந்துகொண்டிருந்த இடத்தில், மூன்றே நாளில் 3.5 லட்சம் பேர் சேர ஆரம்பித்தார்கள் என்று ஸ்ரீதர் வேம்பு சொன்னார். பாராட்டு வந்த அதே வேகத்தில், வாட்ஸ்அப்போடு ஒப்பீடும் வந்தது. மெசேஜ்களுக்கு எண்ட்-டு-எண்ட் என்க்ரிப்ஷன் இல்லையே என்ற கேள்வியும் வந்தது. நேற்று வரை ஆயிரம் பேர் பார்த்த வேலையை இன்று லட்சம் பேர் பிரித்து மேய்கிறார்கள். இந்தத் துறையில் நிஜமான ரிவ்யூ மீட்டிங் இதுதான்.

இதில் ஆப்பிளுக்கே தப்பிக்க வழியில்லை. 2025 ஜூனில் 'லிக்விட் கிளாஸ்' என்று கண்ணாடி மாதிரி ஒரு டிசைனைக் காட்டினார்கள். எழுத்து சரியாகத் தெரியவில்லை என்று உலகம் முழுக்கப் புகார். ஐஓஎஸ் 26.1 அப்டேட்டில், கண்ணாடித்தன்மையைக் குறைத்துக்கொள்ள ஒரு ஆப்ஷன் கொடுத்தார்கள். வாசிக்க முடியவில்லை என்பது ரசனைப் பிரச்னை இல்லை, பயன்பாட்டுப் பிரச்னை. அதற்கு இறங்கி வருவதும் நம்பிக்கையில் சேர்த்திதான். எந்தக் கருத்தையும் கேட்க மாட்டேன் என்று நிற்பதற்குப் பெயர் வேறு.

பயம் உங்களுடையது மட்டும்தானா?

ஒரு விஷயத்தை நேர்மையாகப் பேசிவிடலாம். தன்னம்பிக்கைக் குறைவு என்றாலே, அது அந்த நபரின் குறை என்று முடித்துவிடுகிறோம். பிரீஃப் எழுதித் தராத, யூஸரைச் சந்திக்க விடாத, 'நாளைக்குள்ள நாலு ஆப்ஷன் வேணும்' என்று கேட்கிற கம்பெனிகள் இருக்கின்றன. அங்கே டிசைனர் கையில் மிஞ்சுவது அவருடைய ரசனை மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு சீனியர்களோடு மோத முடியாது. பயம் வருவது இயல்பு.

இன்னொரு பக்கம் ஏ.ஐ. என்ன வேண்டும் என்று டைப் செய்தால் ஸ்கிரீனை வரைந்து தரும் டூல்கள் வந்துவிட்டன. ஃபிக்மாவே 2025-ல் 'ஃபிக்மா மேக்' கொண்டுவந்தது. வரையும் வேகத்தில் அதோடு போட்டி போட முடியாது. யாருக்காக, ஏன் இப்படி என்று பதில் சொல்கிற வேலை இன்னும் நம்மிடம்தான் இருக்கிறது. அந்தப் பதில் இல்லாத டிசைனர்களுக்குத்தான் சிக்கல்.

அதனால், இந்த வாரமே மூன்று வேலை செய்து பாருங்கள்.

பிரீஃப் வரவில்லையா? 'இது யாருக்கு, எந்தப் பிரச்னைக்கு' என்று நீங்களே இரண்டு வரி எழுதி, மேனேஜருக்கு அனுப்பி ஓகே வாங்குங்கள். அப்புறம் வரும் கருத்தை எல்லாம் அந்த இரண்டு வரியோடு வைத்துப் பேசலாம்.

ஐந்து பேரிடம் காட்டுங்கள். பயன்பாட்டு ஆய்வில் பெரிய பெயரான ஜேக்கப் நீல்சன், ஐந்து பேரிடம் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்று 2000-லேயே எழுதினார். அம்மா, பக்கத்து வீட்டு அண்ணாச்சி, இ-சேவை மையத்தில் வரிசையில் நிற்கிறவர்... போனைக் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் பேசாமல் இருங்கள். எங்கே தடுமாறுகிறார்கள் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். செலவு, ஐந்து டீ.

போர்ட்ஃபோலியோவில் உங்கள் ஊர்ப் பிரச்னை ஒன்றையாவது சேருங்கள். முதலில் செய்தது, காட்டியபோது தெரிந்த தப்பு, பிறகு மாற்றியது என மூன்றையும் வரிசையாக வையுங்கள். இன்டர்வியூவில் 'ஏன் இப்படிச் செய்தீங்க?' என்று கேட்பார்கள். தமிழும் இங்கிலீஷும் கலந்து, கொஞ்சம் திக்கித் திணறிச் சொன்னாலும் பரவாயில்லை. பதில் உங்களுடையதாக இருந்தால், கேட்கிறவருக்கு அது புரியும்.