ஆஜர்ப் பட்டியலும் கூட்டு வேலையும்

காரியாலயமா, வீடா என்னும் வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. 2025-ஆம் வருஷத்திற்குள் தனது சிப்பந்திகளில் நூற்றுக்கு 25 பேர் மட்டும் காரியாலயத்தில் இருந்தால் போதுமென்று டாட்டா கன்ஸல்டன்ஸி கம்பெனி 2020-இல் கூறிற்று. அதே கம்பெனி 2023 அக்டோபர் முதல் வாரத்தில் 5 நாளும் வந்தே தீரவேண்டுமென்று உத்தரவிட்டது. அமேஸான் கம்பெனியும் 2025 ஜனவரி முதல் அவ்வழியே சென்றது. இன்போஸிஸ் மாதம் 10 நாள் என்று நடுவழி வகுத்தது.

முதலாளிமாரின் கவலை முற்றிலும் ஆதாரமற்றதன்று. மைக்ரோஸாப்ட் கம்பெனியின் அமெரிக்கச் சிப்பந்திகள் 61,182 பேரைக் குறித்து 2021-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று, எல்லோரும் வீட்டிலிருந்தபோது வெவ்வேறு குழுவினர் கலந்து வேலை செய்த நேரம் ஏறக்குறைய காற்பங்கு குறைந்துவிட்டதெனக் காட்டிற்று. ஆனால் சீன தேசத்து டிரிப்.காம் கம்பெனியில் 1,612 பேரை வைத்து நடந்த பரிசோதனையின் முடிவு 2024-இல் பிரசுரமாயிற்று. வாரத்தில் புதன், வெள்ளி இரு தினங்கள் வீட்டிலிருந்து உழைக்க அனுமதி பெற்றவர்களில் ராஜிநாமாச் செய்தவர் தொகை மூன்றிலொரு பங்கு குறைந்தது. வேலையின் தரமோ, பதவி உயர்வோ குறையவில்லை.

இவ்விரண்டும் முரண்பட்டவையல்ல. முன்னதில் யாவரும் சிதறியிருந்தனர்; பின்னதில் மற்ற மூன்று தினங்களிலும் யாவரும் ஒருங்கே கூடினர். ஆகவே எத்தனை நாள் வருவது என்பதைக் காட்டிலும், எவரோடு சேர்ந்து வருவது என்பதே முக்கியமாகும். இரண்டு மணி நேரம் பஸ்ஸில் இடிபட்டுச் சிறுசேரிக்கு வந்து சேர்ந்த ஒருவர், காதில் கருவியை மாட்டிக்கொண்டு புனாவிலுள்ள சகாவுடன் திரையில் பேசுவாரானால், அவ்வருகையால் யாருக்கு என்ன லாபம்? ஆஜர்ப் பட்டியல் நிரம்புவதைத் தவிர வேறு பயனில்லை.

மற்றோர் அநீதியும் உண்டு. காரியாலயத்தில் இருப்போர் காப்பி அருந்துகையில் தீர்மானித்துவிடுவர். வீட்டிலிருப்போர் அதைப் பிறகு கேள்விப்படுவர். நாளடைவில் பதவி உயர்வும் கண்ணெதிரே இருப்பவரையே நாடும். இதனால் பெரிதும் நஷ்டமடைவோர் கைக்குழந்தையுள்ள ஸ்திரீகளே. 2017-ஆம் வருஷத்திய பிரசவகாலச் சலுகைச் சட்டத் திருத்தம், விடுமுறை முடிந்தபின் வீட்டிலிருந்து வேலை செய்ய இடந்தந்தது. ஆனால் அது முதலாளியின் சம்மதத்தைப் பொறுத்ததாயிருந்தது. சம்மதத்தைப் பொறுத்தது சலுகையே யன்றி உரிமையாகாது.

நாம் கூறும் யோசனை எளியது. ஒரு குழுவினர் யாவரும் கூடும் தினங்களை அக்குழுவே கலந்து நிச்சயிக்கட்டும். எந்தத் தீர்மானமும் எழுத்தில் பதிவாகி அனைவருக்கும் ஒரே சமயத்தில் எட்டட்டும். ஒருவர் தூரத்திலிருந்து கலந்துகொண்டால் அக்கூட்டம் எல்லோருக்கும் திரையிலேயே நடக்கட்டும். இவ்வேற்பாடு மேலதிகாரியின் தயவாக இராமல், நியமன உத்தரவிலேயே நிபந்தனையாக இடம் பெறவேண்டும். உழைப்பை அளக்காமல் நாற்காலியை எண்ணும் நிர்வாகம், முடிவில் நாற்காலிகளையே மிச்சமாகப் பெறும்.