மாற்று இதயத்துக்கும் பயிற்சி வேண்டும்

2008 செப்டம்பரில், விபத்தில் மூளைச் சாவடைந்த ஹிதேந்திரன் என்ற மாணவனின் இதயம், தேனாம்பேட்டையிலிருந்து அம்பத்தூரை அடுத்த முகப்பேருக்கு 11 நிமிடங்களில் போய்ச் சேர்ந்தது. வழிநெடுகப் போலீசார் போக்குவரத்தை ஒதுக்கிக் கொடுத்தனர். அங்கே ஒரு சிறுமிக்கு அது பொருத்தப்பட்டது. அந்த 11 நிமிடங்களைப் பற்றி இன்றும் பேசுகிறோம். அறுவைக்குப் பின் வரும் மாதங்களைப் பற்றிப் பேசுவாரில்லை என்பதே என் குறை.

உறுப்பு மாற்றிக்கொண்டு வீடு திரும்பியவரை, "அசையாமல் உட்கார்" என்கிறோம். அன்பினால்தான் சொல்கிறோம், ஆனாலும் அது தவறு. நோயில் நெடுநாள் படுத்திருந்ததால் அவர் தசைகள் ஏற்கெனவே மெலிந்திருக்கும். புதிய உறுப்பை உடல் ஒதுக்கிவிடாதிருக்கக் கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்துகள் தசையையும் எலும்பையும் மேலும் நலியச் செய்யும். இதயம் புதிது; மாடிப்படி ஏற வேண்டிய கால்கள் பழையவை அல்லவா?

இதில் ஒரு வியப்பும் உண்டு. நீங்கள் ஓடத் தொடங்கியதும் நாடி உடனே விரைகிறது. மூளை நரம்பு வழியாகக் கட்டளை அனுப்புகிறது. மாற்று இதயத்திலோ அந்த நரம்புகள் அறுபட்டுவிட்டன. இரத்தக் குழாய்களைத் தைத்து இணைக்கிறார்கள். இந்த நரம்புகளை இணைப்பதில்லை. அடக்கி வைக்கும் நரம்பு இல்லாததால், சும்மா இருக்கும்போதே அது நிமிடத்துக்கு 90, 100 முறை துடிக்கும். ஓடினாலோ, அட்ரினலின் இரத்தத்தில் கலந்து வந்து சேரும்வரை சில நிமிடங்களுக்கு வேகம் பிடிக்காது. நின்ற பிறகும் வேகம் சட்டென்று தணியாது. தந்திக் கம்பி அறுந்த ஊருக்கு அந்நாளில் தபால்காரர் நடந்து போய்ச் சேதி சொன்ன கதைதான்!

ஆகவே மெல்ல நடந்து தொடங்கி, மெல்ல நடந்தே முடிக்க வேண்டும். நாடியை எண்ணி அளப்பது இங்கே சரிவராது. திணறாமல் பேச முடிகிறதா என்று பார்ப்பதே நல்ல அளவு. பிளந்த மார்பெலும்பு நன்கு கூடும்வரை, இரண்டு மூன்று மாதங்கள், பளு தூக்கலாகாது. மாத்திரைச் சீட்டோடு பயிற்சிச் சீட்டும் மருத்துவமனைகள் எழுதித் தர வேண்டும் என்பேன். ஆவடிக்காரருக்குப் பருத்திப்பட்டு ஏரிக்கரை நடைபாதையே போதும். (கூட்டமில்லாத வேளையில்; தொற்று அவரை எளிதில் பற்றும்.)

உறுப்பு மாற்றிக்கொண்டவர்களுக்கான உலக விளையாட்டுப் போட்டி 1978-இல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் நகரில் தொடங்கியது. இன்றும் அதில் ஓடுகிறார்கள், நீந்துகிறார்கள்.

அப்படி ஒருவர் உங்கள் வகுப்புக்குத் திரும்பி வந்தால், விளையாட்டு வேளையில் அவரை மரத்தடியில் உட்கார வைத்துவிடாதீர்கள். இடிபடும் கபடி வேண்டாம். டாக்டர் எதை அனுமதித்திருக்கிறார் என்று கேளுங்கள். ஆட்டத்துக்குப் பத்து நிமிடம் முன்பே அவர் மைதானத்தைச் சுற்றி நடக்கத் தொடங்கட்டும்; நீங்களும் கூட நடங்கள்.