அடைப்பை நீக்கும் அவசரம்

தமிழாசிரியனுக்கு அட்சரகணிதத்தில் என்ன அலுவல் என்று பழைய மாணவ அன்பர்கள் வினவக்கூடும். வினா நியாயமானதே. முன்பு என்னிடம் தமிழ் பயின்று இப்போது பொறியியல் கற்கும் மாணவனொருவன், சென்ற விடுமுறையில் ஒரு கணக்கோடு என் வீட்டுத் திண்ணையில் வந்தமர்ந்தான். அன்று கண்டதே என்னை எழுதத் தூண்டியது.

கணக்கு இது. 1 கிலோகிராம் திணிவுடைய கட்டைகள் இரண்டு, உராய்வற்ற மேசைமீது ஒரே நேர்கோட்டில் உள்ளன. ஒவ்வொரு கட்டையும் தன் பக்கத்துச் சுவரோடு ஒரு சுருள்வில்லாற் பிணைக்கப்பட்டுள்ளது. அதனை ஒரு மீற்றர் நீட்ட 4 நியூற்றன் விசை வேண்டும். கட்டைகளுக்கு இடையிலும் ஒரு சுருள்வில் உண்டு; அதற்கு 6 நியூற்றன். முதற்கட்டையைத் தள்ளும் விசைக்கும் அக்கட்டையின் இடப்பெயர்ச்சிக்கும் உரிய இடமாற்றச் சார்பைக் காணவேண்டும். ஓய்விலிருந்து புறப்படும் அமைப்பில், இடப்பெயர்ச்சியின் இலப்பிளாசு உருமாற்றத்தை விசையின் உருமாற்றத்தால் வகுக்க வருவதே அச்சார்பு. நியூற்றனின் விதிப்படி இரு சமன்பாடுகளை எழுதி, ஒவ்வொரு வகையிடலுக்கும் பதிலாகச் 'ச' என்னும் எழுத்தாற் பெருக்கி, இரண்டாங் கட்டையின் இடப்பெயர்ச்சியை நீக்கினால், தொகுதியில் ச² + 10 உம் பகுதியில் (ச² + 10)² − 6² உம் நிற்கும்.

இதுவரை மாணவன் பிழைவிடவில்லை. அடுத்த கணமே பகுதியை விரித்து, ச⁴ + 20ச² + 64 என எழுதி அடிக்கோடிட்டான். விடை சரி, ஆயினும் குருட்டு விடை. வர்க்கங்களின் வித்தியாசம் கண்முன்னே நிற்க, அதை ஏன் குலைத்தாய் என்றேன். "சுருக்குதல் என்றால் அடைப்பை நீக்குவதுதானே, ஐயா?" என்றான்.

பழி அவனுடையதன்று. செய்யுளைப் பதம் பிரித்துப் படி என்று வற்புறுத்தும் நாமே, கோவையை மட்டும் எங்ஙனமாயினும் விரித்து முடி என்று பழக்கிவிட்டோம். காரணிப்படுத்தலோ பரீட்சைக்குரிய கைவேலையாகிவிட்டது.

அவன் குலைத்ததை மீண்டுங் கட்டினோம்: (ச² + 4)(ச² + 16). இப்போது கட்டைகள் பேசத் தொடங்கின. முதற்காரணி, இரண்டும் ஒரே திசையிற் கூடியாடும் ஆட்டம். அதன் கோண மீடிறன் செக்கனுக்கு 2 ஆரையன். நடுச் சுருள்வில் அதில் நீளுவதுமில்லை, குறுகுவதுமில்லை. ஆதலால் 6 தலைகாட்டவில்லை. மற்றது எதிரெதிராக ஆடும் ஆட்டம். மீடிறன் 4 ஆரையன். ஒவ்வொரு கட்டையும் விலகும் தூரத்தின் இருமடங்காக நடுச் சுருள்வில் இழுபடுவதால், 4 உடன் 12 சேர்ந்து 16 ஆயிற்று. ச⁴ + 20ச² + 64 என்ற வரியில் இவற்றுள் எதனைக் காண்பது?

இரு கட்டைகளையும் சமவிசையால் ஒருசேரத் தள்ளினால் என்னாகும் என்று கேட்டேன். தொகுதி ச² + 16 ஆயிற்று, பொதுக்காரணியை வெட்டினான், எஞ்சியது ச² + 4 இன் கீழ் 1. "ஓர் ஆட்டம் ஒழிந்தது" என்று மகிழ்ந்தான். ஒழியவில்லை. சமமான தள்ளுகை அதனை எழுப்பவில்லை, அவ்வளவே. ஒரு கட்டையை மாத்திரம் கையால் விலக்கி விட்டால், வெட்டப்பட்ட ஆட்டம் மேசையில் எழுந்து நிற்கும். தாளில் வெட்டுவது முறையே. வெட்டுமுன் எதை வெட்டுகிறோம் என்று ஓரத்திற் குறித்துவைத்தல் வேண்டும். ஆட்டம் தணியாது பெருகும் இயல்புடைய பொறியாயின், அக்குறிப்பை விட்டவன் பொறியையே இழக்க நேரும்.

கணினி கணத்திற் காரணிப்படுத்தித் தருமே என்பர் சிலர். தரும், ஓசையின்றி வெட்டியும் தரும். அதனாலன்றோ, வெட்டுண்டது எதுவெனக் கேட்கத் தெரிந்த பிள்ளை வேண்டும் என்கிறேன்.

இதைக் கேட்ட கணித ஆசிரிய நண்பர், காரணிகளுக்குப் பொருள் சொல்லிக்கொடுக்கத் தவணைக்கு இரண்டு பாடவேளை அதிகம் வேண்டும், எங்கே போவது என்றார். என் தமிழ்ப் பாடவேளையிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். இன்னும் வந்து கேட்கவில்லை.