லட்சுமிநரசு செட்டியை மறந்த பள்ளத்தாக்கு

முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுவிக்குக்குப் பொங்கல் வைக்கிறோம். பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சூட்டுகிறோம். லோயர் கேம்பில் அவருக்கு மணிமண்டபமும் இருக்கிறது. செய்ய வேண்டிய நன்றிதான். ஆனால் தேவாரத்திலோ கோம்பையிலோ போடியிலோ நின்று கஜுலு லட்சுமிநரசு செட்டி என்று சொன்னால், யாரப்பா அது என்றுதான் கேட்போம். பள்ளிப் பாடநூலில் சில வரிகள் உண்டு. தேர்வு முடிந்ததும் அதையும் விட்டுவிட்டோம்.

நம் முப்பாட்டன்மார் காலத்தில் தீர்வை கட்ட முடியாத சம்சாரியைச் சும்மா விடமாட்டார்கள். கிட்டியில் விரலை வைத்து நெரிப்பார்கள். குனியவைத்துக் கழுத்தையும் காலையும் சேர்த்துக் கட்டி வெயிலில் நிறுத்துவார்கள். கும்பெனி ஆட்சியில் சென்னை மாகாணம் முழுக்க வரி வசூலானது இப்படித்தான். அதை லண்டன்வரை கொண்டுபோனவர் சென்னையில் 1806-இல் பிறந்த இந்த வியாபாரி. 1844-இல் ‘கிரசென்ட்’ பத்திரிகையைத் தொடங்கினார். 1852-இல் சென்னைவாசிகள் சங்கத்தை அமைத்து, பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பினார்.

மனு என்றால் நமக்குத் தெரியாததா? தேவாரம் சாக்கலூத்து மெட்டுச் சாலைக்கு எத்தனை காலமாக மனுக் கொடுக்கிறோம்! ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்கள் இன்னும் ஜீப்பில் நெருக்கியடித்துச் சுற்றித்தான் போகிறார்கள். நாம் மனுவைக் கொடுத்துவிட்டு ரசீதோடு திரும்பிவிடுகிறோம். அவர் அப்படித் திரும்பவில்லை. நாடாளுமன்ற உறுப்பினர் டான்பி சீமோர் 1853-இல் வந்தபோது, அவரைக் கூட்டிக்கொண்டு மாவட்டங்களைச் சுற்றினார். சம்சாரிகள் பட்ட பாட்டை நேரிலேயே காட்டினார். அடுத்த ஆண்டு சீமோர் லண்டனில் அதைப் பேசினார். அரசு சித்திரவதை விசாரணை ஆணையம் அமைத்தது. 1855-இல் வந்த அறிக்கை கொடுமை நடந்ததை ஒப்புக்கொண்டது.

பின்னர் சட்டமன்ற மேலவையிலும் இடம்பெற்ற லட்சுமிநரசு, பொதுக்காரியத்துக்கே சொத்தைச் செலவழித்து, 1868-இல் வறுமையில் இறந்தார்.

அணை கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் கும்பிட்டோம். நின்றுபோன அடி கண்ணுக்குத் தெரியவில்லை, அதனால் மறந்தோம். விவசாயிகள் சங்கம் வைத்திருக்கிற நாமும் மறந்தோம், எழுதுகிற நாமும் மறந்தோம். இது நம் எல்லோருடைய குற்றம். சென்னைவாசிகள் சங்கம் தொடங்கியது பிப்ரவரி 26. அந்த நாளில் நம் சங்கக் கூட்டங்களில் அவர் படத்தை வையுங்கள். அவர் செய்ததைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.