திருகுகள்ளி

கூட்டேரிப்பட்டு கூட்ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி மயிலம் பக்கம் நடந்தால், என் சின்ன வயதில் வழியெல்லாம் மல்லாட்டைக் கொல்லைகள். கொல்லைக்குக் கொல்லை வேலி திருகுகள்ளிதான். ஆடு வாய் வைக்காது, தண்ணீர் ஊற்ற வேண்டாம். பென்சில் பருமனில் பச்சைக் குச்சிகள், இலையென்று சொல்ல ஒன்றும் இருக்காது. ஒடித்தால் பால் சொட்டும். "கண்ணுல பட்டா பார்வை போயிடும்டா" என்று ஆயா கத்துவார். அது வெறும் மிரட்டல் இல்லை. அந்தப் பால் பட்டுக் கண் புண்ணாகி, சில நாள் பார்வை மங்கிக் கிடந்தவர்கள் உண்டு.

போன வருஷம் மகளைப் பார்க்கச் சிங்கப்பூர் போயிருந்தபோது தாவரவியல் பூங்காவுக்குக் கூட்டிப்போனாள். 1859-இல் தொடங்கிய பூங்கா. 2015-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. கூட்டமெல்லாம் ஆர்க்கிட் பக்கம் போக, நான் வறண்ட நிலத்துச் செடிகள் வைத்திருக்கும் பகுதியிலேயே நின்றுவிட்டேன். வருஷம் முழுக்க மழை பெய்யும் ஊரில் கள்ளி வளர்ப்பது லேசான காரியமா? வேரில் தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். அதற்காகவே மண்ணை மேடாக்கி, சரளை போட்டு வைத்திருந்தார்கள். அந்தக் கவனம் எனக்குப் பிடித்துப்போனது.

அங்கே ஒரு செடியின் பெயர்ப்பலகையைப் படித்தவன் அப்படியே நின்றேன். யூபோர்பியா திருக்கள்ளி. ஆங்கில எழுத்தில்தான் இருந்தது; ஆனால் வாய்விட்டுப் படித்தால் நம் கொல்லை வேலி!

இந்தப் பெயர் போன வழி பெரிது. கொச்சியில் டச்சுக்காரர்களின் ஆளுநராக இருந்த வான் ரீடு, இட்டி அச்சுதன் என்ற வைத்தியர் முதலானோரின் உதவியோடு மலபார்ச் செடிகளைப் பற்றித் தொகுத்த 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்' 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வந்தது. அதில் உள்ளூர்க்காரர்கள் சொன்ன பெயரையே எழுதிவைத்தார்கள். 1753-இல் லின்னேயஸ் அதை எடுத்து அறிவியல் பெயராக்கினார். செடியின் பூர்வீகம் ஆப்பிரிக்கா என்கிறார்கள். இருக்கட்டும், உலகத்துப் பூங்காக்களிலெல்லாம் அது இன்று சுமந்து நிற்பது நம் பக்கத்துப் பேச்சை.

பக்கத்தில் நின்ற சப்பாத்திக்கள்ளி அமெரிக்காவிலிருந்து வந்தது, வேறு குடும்பம். கீறிப் பார்த்தால் பால் வராது. அதன் பழத்தை மண்ணில் புரட்டிச் சுணை போக்கித் தின்று, நாக்கு சிவந்து பள்ளிக்கூடம் போன நாட்கள் நினைவுக்கு வந்தன. மகளிடம் சொன்னேன்; அவள் அந்தப் பழத்தைத் தின்றதே இல்லை.

ஊரில் இப்போது கல்தூணும் முள்கம்பியும்தான். எனக்குத் தெரிந்து ஒரே ஒரு கொல்லையில் பழைய கள்ளி வேலி மிச்சம் இருக்கிறது. அதையும் ஐப்பசிக்குள் எடுத்துவிடப் போவதாகச் சொன்னார் கொல்லைக்காரர். பத்துக் குச்சி கேட்டு வைத்திருக்கிறேன். வெட்டு வாயில் பால் காயும்வரை நிழலில் போட்டு, பிறகு வீட்டுச் சுவரோரம் நட வேண்டும்.