வெயிலும் மருந்தும்

நாட்டு மருந்துக் கடைகளில் கார்போகரிசி என்றொரு விதை கிடைக்கும். அதனை மருந்தாக்கி, வெண்புள்ளி படர்ந்த இடத்தில் வெயில் படச்செய்வது சித்த வைத்தியரும் யூனானி ஹக்கீம்களும் நெடுங்காலமாக அறிந்த முறை. மருந்தும் வெயிலும் ஒன்றுகூடினாலன்றி அங்கே பயன் இல்லை. இவ்விதக் கூட்டினைப் புற்றுநோயின்மீது ஏவியவர்களைப் பற்றியே இவ்வாரம் கூறப் புகுந்தோம்.

1900ஆம் ஆண்டில் மியூனிக் நகர மாணவர் ஆஸ்கார் ராப், அக்ரிடீன் சாயம் கலந்த நீரில் இருளில் பிழைத்திருந்த நுண்ணுயிர்கள் ஒளி பட்டதும் மடிந்தமையை எழுதி வெளியிட்டார். அமெரிக்காவின் பஃபலோ நகரில், ரோஸ்வெல் பார்க் நிலையத்து இரசாயன அறிஞர் தாமஸ் டோஹர்ட்டி குழுவினர் 1978இல் வெளியிட்ட அறிக்கை அதனினும் வியப்பானது. 25 நோயாளரின் தோலிலும் தோலடியிலும் இருந்த 113 கட்டிகளுள் 111 முழுமையாகவோ ஓரளவோ கரைந்தன. மார்புப் புற்று மீண்டு வந்தவர்களும் அந்நோயாளருள் இருந்தனர்.

செய்முறை யாதெனில், இரத்தத்தின் செந்நிறப் பொருளிலிருந்து ஆக்கிய மருந்தினை ஊசியால் ஏற்றி, இரண்டொரு நாள் பொறுத்திருப்பர். நல்ல தசையைவிடப் புற்றுத் தசை அதனை நெடுநேரம் பிடித்து வைத்திருக்கும். அப்போது செவ்வொளி பாய்ச்சினால், மருந்து அவ்வொளியின் ஆற்றலைப் பிராணவாயுவுக்கு ஊட்டும். வெறிகொண்ட அவ்வாயுவே புற்றணுக்களைக் கொல்லும்.

ஆயின் செவ்வொளி தசைக்குள் ஒரு சென்றிமீற்றர் ஆழம் செல்வதும் அரிது. நெஞ்சுத் தோலில் அரும்பும் சிறு முடிச்சுக்கு அது எட்டும். எலும்புக்கும் ஈரலுக்கும் பரவிய நோய்க்கு எட்டாது. மார்புப் புற்றின் வழக்கமான சிகிச்சைகளுள் இன்னும் இது சேரவில்லை. சத்திர சிகிச்சை, கதிர் சிகிச்சை, மருந்து ஆகியனவே முதலிடம் பெறுகின்றன. வெறும் வண்ண விளக்கைக் காட்டிப் புற்றைத் தீர்ப்போம் என்பாரைக் கண்டால், மாணவர்காள், உள்ளே ஏற்றிய மருந்து எது, ஒளி எட்டும் ஆழம் எவ்வளவு என்று கேளுங்கள்!

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. பழைய வகை மருந்தை ஏற்றியவர் குறைந்தது 30 நாட்கள் வெயிலில் மேனி காட்டலாகாது. காட்டினால் தோல் வெந்துவிடும். இறக்காமத்து வெயிலை அறிந்தோர்க்கு இதன் கடுமை சொல்லாமலே விளங்கும். அறுவடை வயலும், குளக்கரையும், நெல் காயும் முற்றமும் அவளுக்கு ஒரு மாதம் விலக்கு. அதற்காக இருட்டறையில் அடைத்து வைத்தலும் வேண்டா. வீட்டினுள் பரவும் மென்வெளிச்சம் தோலில் எஞ்சிய மருந்தைச் சிறிது சிறிதாக அழித்துவிடும்.

நமக்குள்ள கவலை வேறு. மார்பை அகற்றிய தழும்பின்மேல் முடிச்சொன்று தோன்றினால், வேனற்கட்டி என்றெண்ணியோ, நாணத்தாலோ மகளிடமும் சொல்லாது மறைக்கும் தாய்மார் உளர். ஒளியாயினும் கத்தியாயினும் முடிச்சு சிறிதாயிருக்கும்போதே வேலை எளிது. தழும்பிலோ அதன் சுற்றுப்புறத்திலோ சிவப்பும் தடிப்பும் முடிச்சும் காணின், அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திராமல் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையிலோ மகரகம அபேக்‌ஷா வைத்தியசாலையிலோ முன்பு பார்த்த வைத்தியரிடமே காட்டுதல் வேண்டும். பழைய சிகிச்சைத் துண்டுகளையும் மறவாது எடுத்துச் செல்க.