ஆங்கிலம் பயில்வோம்: 'எஸ்' என்னும் ஓரெழுத்து

பெயர்ச்சொல்லின் ஈற்றில் வரும் 'எஸ்' பெரும்பாலும் பன்மையைக் காட்டும். வினைச்சொல்லின் ஈற்றிலோ அதுவே ஒருமையைக் காட்டும். மாணவர் பலர் மயங்குமிடம் இதுவே. 'த கேர்ள் சிங்ஸ்' என்றால் சிறுமி பாடுகிறாள். 'த கேர்ள்ஸ் சிங்' என்றால் சிறுமியர் பாடுகிறார்கள்.

தமிழில் பாடுகிறேன், பாடுகிறாய், பாடுகிறாள் என இடந்தோறும் விகுதி மாறும். ஆங்கில நிகழ்கால வினையிலோ படர்க்கை ஒருமைக்கே இவ்விகுதி உண்டு. 'ஐ', 'யூ', 'வீ', 'தே' என்பவற்றின்பின் 'சிங்' என்றே நிற்கும். வினாவில் 'எஸ்' துணைவினையைச் சேர்ந்துவிடும்: 'டஸ் ஷி சிங்?' என்பதே சரி. 'டஸ் ஷி சிங்ஸ்?' என்பது பிழை.

இத்தகைய பிழைக்காக வகுப்பிலே நகைப்புக்கு ஆளான பிள்ளை, பின்னர் வாய்திறக்கவே அஞ்சுவதை நாம் கண்டிருக்கிறோம். பெற்றோரே, நகையாது திருத்துங்கள். பிழைபடப் பேசுவோன் ஒருநாள் திருந்துவான். பேசாதிருப்போன் என்று கற்பான்?